நேரும் நிரையும் நிரலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடித் தமிழ் பேசி வரும் இவ்வட்டத்தின் நிறைவு விழாவில், கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகுதல் என்னும் பொருள் பற்றிப் பேச வந்துள்ளேன். அழைப்பிதழைக் கண்ட உறுப்பினர் ஒருவர், "அம்மா, தமிழ் படித்த உங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான வினாவே. நான் பொறியியல் படித்தவள் அல்லள். கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்பிப்பவள். மூன்றாண்டுகளாக, இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பழகி வருகிறேன். இதனால் பதவி உயர்வு வருவதில்லை. தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. வெண்பா ஒன்றைக் கொடுத்தால் அலகிட்டுத் தளை காணும் சிறு நிரல் ஒன்றே இம்முயற்சியின் விளைவு. ஆனால் அந்தச் சிறு நிரல் என்னிடம் ஒரு பெரிய வினாவை எழுப்பிற்று. நாம் அறிந்தவை என்று எண்ணியிருக்கும் இலக்கண விதிகளை, ஒன்றுமே அறியாத ஒருவர்க்கு ஐயமற எடுத்துரைக்க நம்மால் இயலுமா? இவ்வினாவைச் சுற்றியே என் உரை அமைகிறது.

நிரல் என்னும் சொல்

நிரல் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. பொருள்கோள் எட்டனுள் நிரல்நிறையும் ஒன்று. சொற்களை ஓர் ஒழுங்கில் நிறுத்தி, அவ்வொழுங்கிலேயே பொருள் கொள்ளச் செய்வது அது. கணிப்பொறி நிரலும் அத்தகையதே. செய்ய வேண்டிய செயல்களை முன்பின் பிறழாமல் வரிசைப்படுத்தி எழுதுவது நிரல். அதன் அடிப்படைக் கூறுகள் மூன்று: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், இன்னது இருந்தால் இன்னது செய், இல்லையேல் வேறு செய் என்னும் நிபந்தனை, ஒரு செயலை வேண்டிய அளவு மீண்டும் மீண்டும் செய்தல். இம்மூன்றையும் புரிந்துகொள்ள உயர்கணிதம் தேவையில்லை. நூற்பாக்களைப் படித்துப் பழகியவர்க்கு இவை எளியனவே. விதி, அதற்கு விலக்கு, இரண்டிலும் அடங்காதவற்றுக்குப் புறனடை என்று வகுத்துச் சொல்லும் மரபில் வந்தவர்கள் நாம்.

பொழுதுபோக்கு என்றால் பயனற்ற செயல் என்று கருத வேண்டியதில்லை. நான் பழகும் பைத்தான் மொழியே ஒருவரின் பொழுதுபோக்காகத் தோன்றியதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர், 1989ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதைக் கழிக்க ஒரு வேலை வேண்டும் என்று அதனைத் தொடங்கினார். 1991இல் அது வெளியிடப்பட்டது. அதே 1991இல், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் இயக்க மென்பொருளை வெறும் பொழுதுபோக்கு என்றே உலகுக்கு அறிமுகம் செய்தார். லினக்ஸ் என்னும் பெயரில் அது இன்று உலகின் பெரும்பகுதிக் கணிப்பொறி வலையங்களைத் தாங்கி நிற்கிறது. விருப்பத்தால் செய்யும் வேலைக்குள்ள வலிமையைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எழுத்து

வெண்பாவை அலகிடும் நிரல் எழுத வேண்டும் என்று அமர்ந்தால், சீரையும் தளையையும் பற்றி எண்ணுவதற்கு முன்பே எழுத்து என்றால் என்ன என்னும் வினா குறுக்கே வந்து நிற்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தை முதலில் வைத்ததன் பொருத்தம் அப்போது நன்கு விளங்குகிறது.

"தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும். பைத்தானிடம் அச்சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து துண்டுகளாக அஃது எண்ணுகிறது. "கணிப்பொறி" நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு ஒன்பது. இது கணிப்பொறியின் குறை என்று தள்ளிவிட இயலாது. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் தமிழ் வைக்கப்பட்டுள்ள முறை இது. 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியேற்றத்தை ஒட்டி அவ்விடம் அமைந்தது. பல மொழிகளுக்கும் பொதுவாக வகுத்த சட்டத்திற்குள் தமிழும் பொருத்தப்பட்டது.

இதில் இலக்கணம் கற்றோர் கருத வேண்டிய ஒன்று உண்டு. நம் இலக்கணத்தில் க் என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து க என்னும் உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ க என்பது அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்து க் பிறக்கிறது. பிறப்பு முறை தலைகீழாக நிற்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்னும் குறியேற்றமும் பின்னர் உருவாக்கப்பட்டு, 2010இல் தமிழக அரசால் ஒருங்குறியோடு சேர்த்துத் தரப்பாடாக ஏற்கப்பட்டது. எனினும் பரவலாக வழங்குவது ஒருங்குறியே.

இதனால் வரும் விளைவு என்ன? மாலைமாற்று என்னும் சித்திரகவியை நாம் அறிவோம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக அமைவது. ஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். "விகடகவி" என்னும் சொல் இதற்கு எளிய சான்று. அச்சொல்லை அப்படியே கணிப்பொறியில் திருப்பிப் போட்டு ஒப்பிடச் சொன்னால், இரண்டும் வேறு என்று விடை வரும். வகரத்தையும் அதன் இகரக் குறியையும் அது தனித்தனியே திருப்புவதால், குறி முன்னும் எழுத்து பின்னுமாகச் சிதறிவிடுகின்றன. எழுத்தையும் அதன் மேலேறிய குறியையும் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்க என்னும் விதியை முதலில் நாம் எழுதித் தரவேண்டும். அதன் பின்னரே விகடகவி விகடகவியாகிறது. அவ்விதி நான்கைந்து வரிகளில் அடங்கும். ஆயினும் அந்த வரிகளை எழுதுபவர்க்கு எழுத்து என்பதன் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

அகரவரிசையும் இத்தகையதே. எண்களின் வரிசைப்படி மட்டும் அடுக்கும் எளிய நிரலில், ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், "மயில்" என்னும் சொல்லுக்கு முன்னே "மனம்" வந்துவிடும். "பக்கம்" முன்னும் "பகல்" பின்னுமாக நம் அகராதிகள் அடுக்க, அந்நிரல் அவற்றை மாற்றி அடுக்கும். தமிழ் வரிசையை அறிந்த மென்பொருள்கள் இன்று உண்டு. அவற்றுக்கும் யாரோ ஒருவர் நம் நெடுங்கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சொல்லிக் கொடுத்த இடத்தில் அது தெரியும். சொல்லாத இடத்தில் தெரியாது.

அசை எட்டும் விதி ஒன்றும்

எழுத்து அமைந்த பின் அசை. நேரசைக்கு நான்கு வாய்ப்பு, நிரையசைக்கு நான்கு வாய்ப்பு என எட்டாகப் பிரித்துப் படிக்கிறோம். இந்த எட்டையும் நிரலில் எட்டு நிபந்தனைகளாக எழுதலாம். சற்றுப் பழகிய பின் அவை ஒன்றாகச் சுருங்குவதைக் காணலாம். சீரின் முதலிலிருந்து தொடங்குக. நிற்கும் எழுத்து குறிலாகி, அதனை அடுத்து ஒற்றல்லாத எழுத்து வருமாயின் இரண்டையும் சேர்த்து நிரை என்க; இல்லையேல் நிற்பதை மட்டும் நேர் என்க. பின்வரும் ஒற்றுகளை எல்லாம் அவ்வசையோடு சேர்க்க. சீர் முடியும் வரை இதனை மீண்டும் செய்க. இவ்வளவே. "வாழ்க்கை" என்பதில் ஈரொற்று வந்தாலும் வாழ்க்/கை என இரண்டு நேராகிறது. "கவிதை" என்பது கவி/தை எனப் புளிமாவாகிறது. "கணிப்பொறி" கணிப்/பொறி எனக் கருவிளமாகிறது.

நிரல் எழுதுவோர் எழுதியதைச் சோதிக்க, விடை தெரிந்த சில மாதிரிகளை முதலில் கொடுத்துப் பார்ப்பர். இந்நிரலுக்கு மாதிரிகள் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. தேமா என்னும் சொல்லே தேமா. புளிமா என்னும் சொல்லே புளிமா. கூவிளம், கருவிளம், தேமாங்காய், தேமாங்கனி எல்லாம் தம் பெயருக்குத் தாமே சான்றாய் நிற்பவை. நேர் என்னும் சொல் நேரசை. நிரை என்னும் சொல் நிரையசை. வாய்பாடு என்று நாம் மனப்பாடம் செய்தவை, விதியையும் அதற்குரிய சோதனையையும் ஒரே சொல்லில் வைத்துத் தந்தவை என்பதை நிரல் எழுதும்போதுதான் கண்டுகொண்டேன். வகுப்பில் இதனைச் சொன்னபோது, யாப்பு என்றாலே முகம் சுளிக்கும் மாணவியர் சிலர் தத்தம் பெயர்களை அலகிட்டுப் பார்க்கத் தொடங்கினர்.

வேண்டுமிடத்து என்னும் சொல்

இனி நான் சொல்ல வந்த மையப் பொருளுக்கு வருகிறேன். "உவமையணி" என்னும் சீரை எடுத்துக்கொள்வோம். மை என்பதை நெடிலாகக் கொண்டால் உவ/மை/யணி, நிரை நேர் நிரை, புளிமாங்கனி. சொல்லின் இடையில் வரும் ஐகாரம் குறுகும் என்பது விதி. அதன்படி மையைக் குறிலாகக் கொண்டால் உவ/மைய/ணி, நிரை நிரை நேர், கருவிளங்காய். வெண்பாவில் காய்ச்சீர் வரலாம், கனிச்சீர் வாராது. ஆகவே ஓரெழுத்தின் மாத்திரையைக் கொண்டு ஒரு பா வெண்பாவாகிறது அல்லது வெண்பா அன்றென விலக்கப்படுகிறது.

ஐகாரம் எப்போது குறிலாகும், எப்போது நெடிலாகும் என்று கணிப்பொறி கேட்கிறது. முதலெழுத்தாயின் தனித்தே நேரசையாகும் என்று சொல்லிவிடலாம். இடையிலும் கடையிலும்? வேண்டுமிடத்துக் குறிலாகக் கொள்ளலாம் என்கிறோம். குற்றியலிகரமும் அப்படியே; தளை கெடுமிடத்து அலகு பெறாது போகும். அளபெடையும் அப்படியே. வேண்டுமிடம் எது என்று யார் முடிவு செய்வது? வகுப்பில் இவ்வினா எழுவதில்லை. ஆசிரியர் செவி முடிவு செய்துவிடுகிறது, மாணவர் ஏற்றுக்கொள்கின்றனர். கணிப்பொறிக்குச் செவி இல்லை. அதனிடம் "வேண்டுமிடத்து" என்னும் சொல் செல்லாது.

இதற்குத் தீர்வு உண்டு. இரண்டு வழியிலும் அலகிட்டுப் பார்; இரண்டனுள் தளை தட்டாத வழியை ஏற்றுக்கொள்; இரண்டும் பொருந்துமாயின் இரண்டையும் காட்டிப் படிப்போரிடம் விட்டுவிடு என்று எழுதலாம். அப்படி எழுதும்போது நம் யாப்பிலக்கணத்தில் இரண்டு வகை விதிகள் உள்ளமை புலனாகிறது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்பவை கட்டளை வகை, அவற்றுக்கு விலக்கில்லை. ஐகாரக் குறுக்கம் முதலியன உரிமை வகை. கவிஞனுக்கு இலக்கணம் அளித்த இடங்கள் அவை. கட்டளையையும் உரிமையையும் ஒரே குரலில் ஒப்பிக்கக் கற்பிப்பதால்தான் யாப்பு என்பது விலங்கு என்னும் எண்ணம் இளைஞரிடம் வளர்கிறது என்று கருதுகிறேன். எங்கெல்லாம் கணிப்பொறி தயங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் கவிஞனுக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. மரபுக் கவிஞர்க்கும் புதுக்கவிஞர்க்கும் இடையே இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கில், இதனை ஒரு சான்றாக முன்வைக்கிறேன்.

பைரனின் மகள்

கவிதைக்கும் எந்திரத்துக்கும் பகை என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1812இல் பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை ஆற்றினார். புதிய தறிகளால் வாழ்விழந்து அவற்றை உடைத்த நெசவாளர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை எதிர்த்த உரை அது. 1815இல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அடா என்று பெயர். மறு ஆண்டே அவர் நாட்டைவிட்டு நீங்கினார். மகளை மீண்டும் காணவே இல்லை. தந்தையின் கவிமனம் மகளைப் பற்றிவிடக் கூடாதென்று அஞ்சிய தாய், அவளுக்குக் கணிதம் கற்பித்தார்.

அந்த அடா லவ்லேஸ்தான், சார்லஸ் பாபேஜ் என்பவர் திட்டமிட்ட பகுப்பு எந்திரத்தைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதினார். அக்குறிப்புகளில், பெர்னூலி எண்கள் எனப்படுபவற்றை அவ்வெந்திரம் கணக்கிடும் முறையைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். எந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை; இல்லாத எந்திரத்துக்கு எழுதப்பட்ட அதனை உலகின் முதல் நிரல் என்று பலர் போற்றுகின்றனர். துளையிட்ட அட்டைகளால் பூவும் இலையும் நெய்யும் ஜாக்கார்டு தறியை அவர் உவமையாக எடுத்தாண்டு, அவ்வெந்திரம் கணித வடிவங்களை நெய்யும் என்றார். தந்தை தறியால் நலிந்தோர்க்காகப் பேசினார். மகள் தறியிலிருந்து உவமை கண்டார். நூல் என்னும் ஒரு சொல்லால் இழையையும் ஏட்டையும் குறிப்பவர்கள் நாம். பஞ்சும் நூற்றலுமாக நூலுக்கு உவமை விரித்த நன்னூலைப் படித்தவர்கள். நமக்கு அவ்வுவமை அயலானது அன்று.

அடா இன்னொன்றும் சொன்னார். எந்திரம் தானாக எதையும் தோற்றுவிப்பதில்லை. எப்படிச் செய்வதென்று நாம் சொல்லத் தெரிந்ததையே அது செய்யும் என்பது அவர் கருத்து. இன்று கேட்ட அளவில் நிரலையும் பாட்டையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ளன. அவர் கூற்று இக்காலத்துக்கும் பொருந்துமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்கருவிகள் தளை தட்டும் பாவையும் வெண்பா என்று தயங்காமல் தருவதுண்டு. எழுதித் தந்த நிரலில் ஐகாரக் குறுக்கம் விடுபட்டிருந்தால், விடுபட்டதைக் கண்டுபிடிக்க யாப்பும் தெரிந்திருக்க வேண்டும்; நிரலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர் நம்மிடையே இல்லாது போனால், நம் எழுத்தையும் யாப்பையும் பற்றிய முடிவுகளைப் பிறர் எடுப்பர். எழுத்தின் பிறப்பு முறை தலைகீழானதை முன்னரே கண்டோம்.

யாப்பைச் சோதிக்கும் மென்பொருள் ஏற்கெனவே உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அவலோகிதம் என்னும் மென்பொருள் பாவகையையே கண்டு சொல்லும். தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் திறந்த நிரல் தொகுப்புகளும் உள்ளன. ஆயினும் நானே எழுதினேன். குறளும் நாலடியும் இருக்கின்றன என்று நீங்கள் வெண்பா எழுதாமல் இருக்கிறீர்களா?

இனி எழுதத் தொடங்குவோர்க்குச் சில சொற்கள். பைத்தான் விலையின்றிக் கிடைப்பது. பழைய கணிப்பொறியிலும் இயங்கும். 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். என் நிரலில் குறில், நெடில், ஒற்று, சீர் என்றே பெயரிட்டுள்ளேன். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். கட்டளைகளும் தமிழில் வேண்டுவோர்க்கு எழில் என்னும் நிரல்மொழி உண்டு. அதில் நிபந்தனையை முதலில் எழுதி "ஆனால்" என்னும் சொல்லைப் பின்னே வைப்பர். வினையெச்சம் பின்வரும் நம் தொடரமைப்புக்கு அஃது இயைந்தது.

நிரலால் ஆகாதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் நிரல் தளை தட்டவில்லை என்று சொல்லும். நெஞ்சைத் தொட்டதா என்று சொல்லாது. சீர் பிரித்து எழுதிய பாவை அலகிடும்; சந்தி பிரித்த பதிப்பை இட்டால் மயங்கும். தளை பிழையாத வெண்பா உயிரற்றும் இருக்கலாம். அதனை அறிய இவ்வவையே வேண்டும்.

ஒரு விண்ணப்பம்

நிறைவாக, இவ்வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். பத்தாண்டுக் கவியரங்குகளில் படிக்கப்பட்ட பாக்கள் உறுப்பினர்களின் குறிப்பேடுகளிலும் தனித்தாள்களிலும் கிடக்கின்றன. மை மங்கி வருகிறது. படித்தவர்களுள் சிலர் இன்று நம்மோடு இல்லை. அவற்றை ஒருங்குறியில் தட்டெழுதிச் சேர்த்தால், பாட்டு முதற்குறிப்பு அகராதி ஒன்றையும், யார் எவ்வகைப் பா எழுதினார் என்னும் அட்டவணையையும் நிரலின் துணையால் ஆக்கலாம். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் கையால் செய்த அரும்பணியின் ஒரு சிறு பகுதியை நம் வட்டத்துப் பாக்களுக்கு நாமே செய்துகொள்வதாக அது அமையும். தட்டெழுத இருவர், ஒப்புநோக்க இருவர், நிரல் பழக விரும்பும் இளைஞர் இருவர் போதும். வாரம் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் கூடலாம். கணிப்பொறி என்னுடையது, தேநீரும் என்னுடையது. முதல் கூட்டத்தில் எழுத்து என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குவோம். அங்கே தமிழாசிரியரும் மாணவர். பொறியியல் படித்த பிள்ளையும் மாணவர்.